அண்ணன் கோயிலடியில் இருக்கிறார்

பாரிஸில் முதல் நாள் நான் நடந்தது முழுக்க ஒரு சொல்லின் பின்னால்தான். லாச்சப்பல் என்பது அந்தச் சொல்.

அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஓர் ஒலிநாடாக் கசற். அண்ணன் பிரான்சுக்குப் போய்ச் சில மாதத்தில் அனுப்பியது. அந்தக் காலத்தில் எங்கள் கரையிலிருந்து வெளிநாடு போனவர்கள் கடிதம் எழுதுவது குறைவு. எழுத வராதவர்கள் கன பேர். பேச எல்லாருக்கும் வரும். அதனால் கசற்றில் பேசி அனுப்புவார்கள். அதைக் கேட்க எங்களிடம் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வந்து வாசலில் வைத்துக் கேட்டோம்.

அண்ணன் முதலில் இருமினார். பிறகு சொன்னார்:

"அம்மா, நான் சுகமாயிருக்கிறன். பாரிஸிலை லாச்சப்பல் எண்ட இடத்திலை இருக்கிறன். ஒண்டுக்கும் பயப்பிடாதையுங்கோ."

அம்மா பெட்டியை நிற்பாட்டச் சொன்னார். அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். கேட்டார்.

"சப்பல் எண்டுதானே சொல்லுறான்?"

நாங்கள் வேதக்காரர். சப்பல் என்றால் எங்களுக்குத் தெரியும். கடற்கரையில் அந்தோனியாருக்குக் கட்டியிருந்த சின்னக் கோயிலைச் சப்பல் என்றுதான் சொல்வோம். அப்படியிருந்தும் அம்மா பங்குச் சுவாமியாரிடம் போய்க் கேட்டார். சுவாமியாருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். "ஓம், சிற்றாலயம் எண்டுதான் அர்த்தம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கதைதான். "என்ரை மூத்தவன் கோயிலடியிலை இருக்கிறான்." மீன் விற்கிற இடத்தில் சொன்னார். கிணற்றடியில் சொன்னார். அண்ணன் அங்கே கோயில் கூட்டுகிறார், மணி அடிக்கிறார், சுவாமிமார் சாப்பாடு போடுகிறார்கள் என்பதெல்லாம் அம்மாவே சேர்த்தது. நாங்கள் மறுக்கவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு பெரிய வெள்ளி போனது. அம்மா பழைய கசற்றையே போட்டுப் போட்டுக் கேட்டதில் நாடா இழுபட்டு, அண்ணனின் குரல் கிழவன் குரல் மாதிரி ஆகிவிட்டது.

ஊரில் ஆமி பெடியளைப் பிடிக்கத் தொடங்கியது. கடலுக்குப் போக முடியவில்லை. நானும் வெளிக்கிட வேண்டி வந்தது. வெளிக்கிடுகிற அன்று அம்மா ஒரு புதுக் கசற் தந்தார். ஒரு பக்கம் அவர் பேசியிருந்தார். சுவாமியார் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்னைக் கேட்க விடவில்லை. மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"கொண்ணையைக் கண்டுபிடிச்சு இதைக் குடு. மற்றப் பக்கத்திலை அவன் கதைச்சு எனக்கு அனுப்ப வேணும். நீ கதைக்கக் கூடாது. உன்ரை குரல் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் அம்மா சொன்னது. அழவில்லை. கசற்றை ஒரு கால்சொக்சுக்குள் வைத்துப் பையில் அடியில் போட்டார்.

வழியில் நான் தலைநகரங்கள் கண்டேன் என்று சொல்லலாம். கொழும்பில் ஒரு லொட்ஜ். பாங்கொக்கில் ஓர் அறை. பாங்கொக்கில் கன நாள் இருந்தேன். அங்கே நான் கண்டது ஒரு யன்னல். யன்னலுக்கு நேரே ஒரு சுவர். அந்தச் சுவரில் பகலில் வெயில் ஏறும், பின்னேரம் இறங்கும். எங்களைக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் வெளியே கால் வைக்கக் கூடாது என்றிருந்தான். கீழே தெருவில் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். ஏதோ பொரிக்கிற மணம் வரும். வெள்ளைக்காரர் அந்த ஊரைப் பார்க்க விமானம் ஏறி வருவார்களாம். நான் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு விமானம். பிறகு பனி. பிறகு ரயில். ஒரு தலைநகரத்தில் நான் என் காலால் நடந்தது பாரிஸில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினேன். பெரிய ஸ்டேசன். கூரை மிக உயரத்தில் இருந்தது, அதற்குள் புறா பறந்தது. கூட்டிவந்தவன் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"எங்கை போக வேணும்?"

"லாச்சப்பல்."

"அது கிட்டத்தான். ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. அது அவன் வேலை.

நான் ஸ்டேசனுக்கு வெளியே வந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. கடல் காற்றும் அடிக்கும், ஆனால் அது இப்படி எலும்புக்குள் போகாது. வந்த ஒருவரிடம் "லாச்சப்பல்?" என்று கேட்டேன். "நொன், மெர்சி" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். இன்னொருவரிடம் கேட்டேன். அவரும் "நொன், மெர்சி." நான் எதையோ விற்கிறேன் அல்லது பிச்சை கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். வேண்டாம், நன்றி என்கிற அந்த இரண்டு சொல்லும்தான் நான் பாரிஸில் முதலில் படித்தவை.

பிறகு ஒரு கிழவி வந்தாள். கையில் பேக்கரியில் வாங்கின நீட்டுப் பாண் வைத்திருந்தாள். அவளிடம் சொல்லைச் சொல்லிவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக் காட்டினேன். கையைக் கூப்பிக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. பாணாலேயே வழி காட்டினாள்.

லாச்சப்பல் எனக்குப் பின்னால், ஸ்டேசனுக்கு வடக்கே, கொஞ்சத் தூரத்தில் இருந்தது. நான் தெற்கே நடந்தேன்.

படி ஏறிப் போகிற கோயில். இரண்டு கோபுரம். உள்ளே பூசை நடந்தது. எங்கள் ஊர்க் கோயில் பத்து அதற்குள் அடங்கும். ஆட்கள் கொஞ்சம். பின்வரிசை வாங்கில் போய் இருந்தேன். சுவாமியார் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்பது மட்டும் விளங்கியது. சமாதானம் சொல்கிற நேரம் பக்கத்தில் இருந்த பெண் கையுறையோடு கை தந்தாள். வரிசையில் போய் நாவில் அப்பம் வாங்கி நன்மை எடுத்தேன். இனி அண்ணனைக் காண வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து எல்லாரும் போனார்கள். நான் போகவில்லை. அண்ணன் இங்கேதான் எங்கேயோ பின்னால் இருக்கிறார். மெழுகுதிரி அணைக்க வருவார். வாங்கு துடைக்க வருவார். ஒருவரும் வரவில்லை. நான் எழும்பி பீடத்துக்குப் பக்கத்தால் போய் ஒரு கதவைத் திறந்தேன். உள்ளே அலுமாரியும் சுவாமிமாரின் உடுப்பும் இருந்தன.

"அண்ணை!" என்று கூப்பிட்டேன்.

வந்தது அண்ணன் இல்லை. கோயிலைப் பூட்டித் திறக்கிற ஆள். எங்கள் ஊரில் மூப்பர் என்போம். கையில் திறப்புக் கோர்வை. என்னைக் கண்டதும் தூரத்தில் நின்றே சத்தம் போட்டார்.

"வா! வா!"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. தமிழ் தெரிந்த மூப்பர். அண்ணன்தான் இவருக்குப் பழக்கியிருக்கிறார். கையும் அதையே சொன்னது. உள்ளங்கையைக் கீழே பிடித்து விரலை ஆட்டினார். நாங்களும் ஒருவரைக் கூப்பிட அப்படித்தான் ஆட்டுவோம். நான் அவரிடம் போனேன்.

அவர் இன்னும் பலமாக "வா! வா!" என்றார். நான் இன்னும் விரைவாகப் போனேன்.

அவர் முகம் சிவந்தது. என் சட்டைக் கையைப் பிடித்தார். பிடித்தபடியே இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். பின் கதவால் போக விடாமல் சுற்றிப் போகிறார் என்று நினைத்தேன். நல்ல மனிதர், கை மட்டும் கொஞ்சம் முரடு என்று நினைத்தேன். பெரிய வாசலுக்கு வெளியே விட்டார். கதவு சாத்தினது. திறப்பு இரண்டு தரம் திரும்பியது.

படியில் நின்றேன். வா என்று கூப்பிட்டுவிட்டு இந்த மனிதர் ஏன் வெளியே விட்டார் என்று எனக்குப் பிடிபடவில்லை. நாவில் இன்னும் நன்மை எடுத்த ருசி இருந்தது.

இது இல்லை, வேறு கோயில் என்று முடிவு செய்தேன். நடக்கத் தொடங்கினேன்.

கடைகள் பூட்டியிருந்தன. தெரு நனைந்திருந்தது. நாய்ப் பீயைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. வீடுகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம், ஒரே மாதிரி யன்னல். வள்ளங்களுக்கு ஒரே வர்ணம் அடித்து ஒரே நம்பர் போட்ட மாதிரி. ஆட்கள் எதற்கோ பிந்தின மாதிரி நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள்?

ஒரு சந்தியில் நிமிர்ந்தபோது மலையில் வெள்ளைக் கோயில் ஒன்று தெரிந்தது. பெரிய குமிழ்கள். அவ்வளவு பெரிய கோயிலில்தான் வெளியூர் ஆட்களுக்கு இடம் கொடுப்பார்கள் என்று பட்டது. ஏறினேன். படிகள் முடியவே இல்லை. பையில் பாரம் இல்லை, ஆனாலும் தோள் நொந்தது.

மேலே ஒரே கூட்டம். எல்லாரும் ஊர் பார்க்க வந்தவர்கள். ஒருவர் என் கையில் கமெராவைத் தந்து, தன் பெண்சாதியோடு நின்று, அமத்தச் சொன்னார். அமத்தினேன். அவர்கள் சிரித்தபடி நின்றார்கள். அந்தப் படம் எங்கேயோ ஒரு வீட்டில் இப்போதும் இருக்கும். எடுத்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது.

நானும் திரும்பி நகரத்தைப் பார்த்தேன். கூரை, புகைக்குழாய், கூரை, புகைக்குழாய். கடல் எந்தப் பக்கம் என்று தேடினேன். எந்தப் பக்கமும் இல்லை. கடல் தெரியாத ஊரில் மனிதர் எப்படித் திசை பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கோயிலுக்குள் ஒரு கன்னியாஸ்திரி நின்றாள். "லாச்சப்பல்?" என்றேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டு உடனே தலையாட்டிய ஒரே வெள்ளைக்காரி அவள்தான். வாருங்கள் என்கிற மாதிரி முன்னால் நடந்தாள். நான் விரைவாகப் பின்னால் போனேன். தூண்களைக் கடந்து ஒரு மூலைக்குக் கொண்டுபோனாள். ஒரு சுரூபம். முன்னால் நாலு மெழுகுதிரி. பெரிய கோயிலுக்குள் இருக்கிற சின்னக் கோயில். அதற்கும் பெயர் அதுதானாம். அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது.

நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

மலையால் இறங்கினேன். இந்தத் தரம் வேறு பக்கம். கறுத்த ஆட்கள், அரபிக்காரர், நிலத்தில் விரித்து விற்கிற சாமான்கள். அதற்கும் அப்பால் தெருவின் நடுவே இரும்புப் பாலம் ஓடியது. பாலத்தின் மேலே ரயில் போனது. மழை தூறியதால் நான் பாலத்துக்குக் கீழேயே நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. கால் போனது.

அப்போது ஒருவன் தூஷணம் பேசினது கேட்டது. தமிழ்த் தூஷணம். எங்கள் பக்கத்துத் தமிழ். அதுவரை அன்று கேட்ட எல்லாச் சொல்லிலும் அதுதான் இனித்தது.

பாலத்துக்குக் கீழே ஐந்தாறு பேர் நின்றார்கள். தூஷணம் பேசினவனுக்கு என் வயதுதான் இருக்கும். யாரோ பெரிய மனிதருக்குத் தைத்த கோட் ஒன்றைப் போட்டிருந்தான். கை விரல் வெளியே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிற்பாட்டினான். என் செருப்பைப் பார்த்தான்.

"ஐசே, எப்ப வந்தனீர்?"

"காலமை."

"நீர் எவடம்?"

ஊரைச் சொன்னேன். தலையாட்டினான். நான் கேட்டேன்:

"இஞ்சை கோயில் எங்கை?"

"எந்தக் கோயில்?"

"லாச்சப்பல் கோயில்."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். கோட்டுக் கையை மடித்து விரலை வெளியே எடுத்து மேலே காட்டினான். பாலத்தின் பக்கத்தில் பெயர்ப் பலகை இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"உதுதான் லாச்சப்பல். மெத்ரோ ஸ்டேசன். கும்பிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் பலகையைப் பார்த்துச் சிலுவை போட்டான். இன்னொருவன், "நேர்த்திக்கடன் ஏதும் இருந்தால் ரிக்கற் எடுத்து உள்ளை போம்" என்றான். அவர்களை நான் பழி சொல்லவில்லை. அந்த வேளையில் சிரிக்க வேறு ஒன்றும் அவர்களுக்கு இருக்கவில்லை.

"அப்ப கோயில் இல்லையே?"

"எப்பவோ இருந்திருக்கும். இப்ப இடத்துக்குத்தான் அந்தப் பேர். உங்கடை சனத்துக்கு ஆர் சொன்னது கோயில் எண்டு?"

"அம்மா" என்றேன். சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

கோட்டுக்காரன் தன் பாணில் பாதியை முறித்துத் தந்தான். நின்றபடி தின்றேன். காலையில் நடந்ததைச் சொன்னேன். மூப்பர் வா வா என்று கூப்பிட்டதையும் பிடித்து வெளியே விட்டதையும் சொன்னேன். அவன் பாலத்தின் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஐசே, இஞ்சை வா எண்டால் போ!"

"என்ன?"

"பிரெஞ்சிலை வா எண்டால் போ. அவன் உம்மைக் கலைச்சிருக்கிறான். நீர் கிட்டக் கிட்டப் போயிருக்கிறீர்."

"அப்ப வா எண்டுறதுக்கு என்ன சொல்லுவினம்?"

"வியாங். அது உமக்குத் தேவையில்லை. அதை ஒருத்தரும் எங்களைப் பாத்துச் சொல்ல மாட்டினம்."

பாணை விழுங்கிவிட்டு அண்ணனைப் பற்றிக் கேட்டேன். இடது புருவத்தில் வெட்டுக் காயம். தூண்டில் கயிறு இழுத்து வளைந்த சின்ன விரல். சொல்லி முடிக்கவில்லை, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பாண்டிச்சேரியார்!" என்றான் ஒருவன்.

கோட்டுக்காரன் சிரிக்கவில்லை. "உம்மடை அண்ணையே அவன்?"

"ஓம்."

"என்னோடைதான் இருந்தவன். ஒரு மெத்தை. ராவு வேலைக்காரன் எழும்ப பகல் வேலைக்காரன் படுக்கிறது. அவன்ரை சூட்டிலை நான் கன நாள் படுத்திருக்கிறன்."

பிறகு சொன்னான். அண்ணன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனார். பாண்டிச்சேரி ஆட்கள் கன பேருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, அவர்களுக்கு மதிப்பும் கொஞ்சம் உண்டு. அண்ணன் தான் பாண்டிச்சேரி என்று சொல்லிவிட்டார். அங்கே வேலை செய்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்கும் அதையே சொன்னார். இப்போது அவளோடு பாரிஸுக்கு வெளியே ஒபர்வில்லியேயில் இருக்கிறார். லாச்சப்பல் பக்கம் வருவதில்லை. தமிழ் ஆட்களைக் கண்டால் தெரு மாறிப் போவார்.

"கன்னியாஸ்திரிமார் வளர்த்த பிள்ளையாம். தாய் தேப்பன், சகோதரம் ஒருத்தரும் இல்லையாம்."

"அம்மா இருக்கிறா" என்றேன்.

"இருப்பா. இஞ்சை இல்லை."

நான் பையை எடுத்தேன். "எனக்கு வீட்டைக் காட்டுவீரே?"

"எதுக்கு? மூக்குடைபடவே?"

"ஒரு சாமான் குடுக்க வேணும்."

அவன் என் பையைப் பார்த்தான். என்ன சாமான் என்று கேட்டான். சொன்னேன். முன்னால் நடந்தான்.

ஒபர்வில்லியே தூரம். நடந்தே போனோம். தண்டவாளங்களுக்கு மேலால் பாலம், பாலத்தில் காற்று. பிறகு பூட்டிய பெரிய பண்டகசாலைகள். ஒரு மரமும் இல்லை. கோட்டுக்காரன் இடைக்கிடை "ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு நாள் லீவு, அதிலை ஒரு வேதக்காரன் வந்து சேந்தான்" என்று முணுமுணுத்தான். திரும்பு என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு கட்டிடத்தின் முன்னால் நின்றான்.

"மூண்டாம் மாடி. வலக்கைப் பக்கம். நான் மேலை வரேல்லை. என்னைக் கண்டால் அவனுக்குக் காய்ச்சல் வரும்."

படி ஏறும்போது கோழி வாட்டுகிற மணம் வந்தது. கசற்றைச் சொக்சிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மணியை அமத்தினேன்.

அந்தப் பெண் திறந்தாள். முகத்தில் ஒரு கெட்ட குணமும் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் மேசை. வெள்ளை விரிப்பு. வயதான ஆணும் பெண்ணும் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தார்கள். அவளின் தாய் தகப்பனாக இருக்க வேண்டும். அதே மூக்கு.

"அண்ணை" என்றேன். 

அவளுக்கு விளங்கவில்லை. உள்ளே திரும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது அண்ணனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இல்லை. ஆனால் அண்ணன்தான் வந்தார்.

கொழுத்திருந்தார். கழுத்தில் துவாய் செருகியிருந்தார். புருவ வெட்டு அப்படியே இருந்தது. என்னைக் கண்டார். அடையாளம் கண்டார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கண் ஒரு தரம் என் காலுக்குப் போய் முகத்துக்கு வந்தது. அது அண்ணனின் பழக்கம். கடலால் வருகிற ஆளையும் அப்படித்தான் பார்ப்பார், காயம் இருக்கிறதா என்று.

நான் கசற்றை நீட்டினேன். "அம்மா குடுத்துவிட்டவ. அம்மான்ரை குரல்."

அந்தப் பெண் கசற்றைப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள். எனக்கு மனவருத்தம் வராதபடி சிரித்தாள்.

"நொன், மெர்சி."

நான் கசற் விற்க வந்தவன் என்று நினைத்திருக்கிறாள். அண்ணன் அவளைத் திருத்தலாம். ஒரு சொல் காணும். மேசையிலிருந்த கிழவர் ஏதோ கேட்டார். அண்ணன் தோளுக்கு மேலால் பதில் சொன்னார், பிரெஞ்சில், நல்ல விரைவாக. கிழவர் சிரித்துவிட்டுக் கத்தியை எடுத்துக் கோழியை வெட்டத் தொடங்கினார்.

பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். கதவில் ஒரு கை. மற்றக் கை உள்ளங்கை கீழே பார்க்க விரலை ஆட்டியது.

"அலே. வா" என்றார். "வா."

என் கால் எழும்பியது. பிறந்ததிலிருந்து அந்தக் குரல் வா என்றால் போய்ப் பழகிய கால். அன்று காலையில் என்றால் உள்ளே போயிருப்பேன். அந்த வெள்ளை விரிப்பு மேசையில் போய் இருந்திருப்பேன். ஆனால் எனக்குப் பத்து நிமிசப் பிரெஞ்சு படிப்பித்திருந்தார்கள்.

எழும்பின காலைத் திரும்பக் கீழே வைத்தேன். கதவு சாத்தினது. அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

கீழே கோட்டுக்காரன் கைகளைக் கோட்டுக் கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னவாம்?"

"வா எண்டவர்."

அவன் வாய் சிரிக்கத் திறந்தது. என் கையில் கசற்றைக் கண்டதும் மூடியது.

"எந்த வா?"

"இந்த ஊர் வா."

திரும்பி நடந்தோம். பாலத்தில் அவன் தன் கோட்டைக் கழற்றி எனக்குத் தந்தான். குளிருது எண்டு சொல்ல மாட்டீரோ என்று ஏசினான். அன்று அந்த அறையில் இடம் தந்தார்கள். அண்ணன் முந்திப் படுத்த மெத்தை.

அறையில் ஒரு பெட்டி இருந்தது. அடுத்த ஞாயிறு எல்லாரும் ஊருக்குக் கசற் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். அம்மாவின் பக்கத்தை முதலில் போட்டுக் கேள் என்றார்கள். நான் விடவில்லை. அது அண்ணனுக்குச் சொன்னது. வெறும் பக்கத்தைப் போட்டு அமத்தினேன். நீ கதைக்கக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் விட்டார். வேறு ஆள் இல்லை.

"அம்மா, நான் வந்து சேர்ந்திட்டன். அண்ணையைக் கண்டன். சுகமாயிருக்கிறார். கொழுத்திருக்கிறார். நான் போகேக்கை கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். என்னைக் கண்டவுடனை வா எண்டு சொன்னவர். ரெண்டு தரம் சொன்னவர்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. நிற்பாட்டிவிட்டேன். நாடா மிச்சம் கிடந்தது, அப்படியே ஊருக்கு அனுப்பினேன்.

அண்ணனை அதன் பிறகு ஒரே ஒரு தரம் கண்டேன். லாச்சப்பலில், ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் எங்கள் ஆட்களின் கடையில். கருவாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒன்றை எடுத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அதைப் பொரிக்க முடியாது. எங்கே வைத்துத் தின்பார் என்று தெரியாது. என்னைக் கண்டதும் கருவாட்டைக் கீழே வைத்தார். நான் கடையை விட்டு வெளியே போனேன். வாங்கட்டும் என்று.

அம்மாவின் பதில் கசற் ஊரில் மழைக்காலமாக இருக்கும்போது வந்தது. அறையில் எல்லாரும் இருக்கும்போது போட்டோம். அம்மாவின் குரல் புதிதாக, இழுபடாமல் இருந்தது.

"தம்பி, நான் அனுப்பின பக்கத்தைக் கொண்ணை கேட்டிட்டுத்தான் திருப்பி அனுப்பினவன் எண்டு எனக்குத் தெரியும். அவன் கதைக்கேல்லை. வேலைக் கரைச்சலாக்கும், பரவாயில்லை. உன்னைக் கண்டு வா எண்டு கூப்பிட்டானே, அது காணும். சுவாமியாருக்கும் சொன்னனான். ரெண்டு பேரும் கோயிலடியிலை இருக்கிறியள். எனக்கு இனிப் பயமில்லை."

பிறகு செபம் சொன்னார். அண்ணனின் பெயரைச் சொன்னார், ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை. கோட்டுக்காரன் எட்டிப் பெட்டியை நிற்பாட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை.